பள்ளத்துச் செல்லசாமி மட்டத்துக்கு வந்த கதை

ராகலை டவுனுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் போய்ச் செல்லசாமி வீடு எது என்று கேட்டால், எந்தச் செல்லசாமி என்று திருப்பிக் கேட்பார்கள். பள்ளத்துச் செல்லசாமி என்று சொல்ல வேண்டும். அப்புறம் கேள்வியே கிடையாது. கையை நீட்டி வழி காட்டுகிறவரின் முகத்தில் ஒரு சிரிப்பும் கூடவே வரும். அந்தச் சிரிப்புக்காக அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டதில்லை. பட்டம் என்ன சும்மாவா வந்தது, பாடுபட்டுச் சம்பாதித்ததல்லவா!

விஷயம் இதுதான். செல்லசாமியிடம் ஒரு டிரக்டர் இருக்கிறது. வயதில் அது அவருக்கு அண்ணன் முறை. ஒரு காலத்தில் தோட்டத்துக்குச் சொந்தமாக உர மூட்டையும் கொழுந்துச் சாக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவரும் இவர்தான். இனி இது தேறாது என்று தோட்டம் அதை ஏலத்தில் விட்டபோது, பழைய இரும்புக்காரன் கையில் துண்டு துண்டாகிவிடுமே என்று மனசு கேட்காமல் இவரே எடுத்துக்கொண்டார். தோட்ட வேலையை விட்டார், பச்சைப் பெயிண்ட் அடித்தார், பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து லீக்ஸும் கரட்டும் கோவாவுமாகக் காய்கறியெல்லாம் ராகலைக்கு இறங்குவது அவர் தயவில்தான்.

ஏலத்தில் எடுக்கும்போதே அதில் பெட்டரி இல்லை. கழற்றியது யார் என்று கேட்டபோது தோட்டமே வானத்தைப் பார்த்தது. பெட்டரி இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. ஆனால் டீசல் எஞ்சினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு தடவை பிடித்துக்கொண்டால் பிறகு கரண்ட் கேட்டுத் தொந்தரவு செய்யாது. மூக்கு கீழே பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, காலையில் பிரேக்கைத் தளர்த்தி, உருளும்போது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு ஓடத் தொடங்கிவிடும். மலைநாட்டில் சரிவுக்கா பஞ்சம்? காலியாக இருந்த பெட்டரிப் பெட்டியில் செல்லசாமி சாப்பாட்டு டப்பாவையும் வெற்றிலைப் பொட்டலத்தையும் வைத்துக்கொண்டார்.

அதுவே பழகிவிட்டது. கல்யாண வீடோ சாவு வீடோ, எங்கே போனாலும் அவர் முதலில் பள்ளத்தைத் தேடுவார், அப்புறம்தான் வாசலைத் தேடுவார். சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கருங்கல் வைத்திருந்தார். அதை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று கூடவே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு திரிவார். "நான் வர மட்டும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அந்தக் கல்லுக்கே தாலி கட்டியிருப்பீங்க" என்பாள் அவர் மனைவி ராக்காயி. தேநீர்க் கடையில் நாலு பேர் கூடிவிட்டால் அவருக்கு வீராப்பு வந்துவிடும். "சாவியத் திருகி ஸ்டார்ட் பண்றவன்லாம் ஒரு டிரைவரா?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல யாருக்கும் இடம் கொடுக்காமல் தேநீரை உறிஞ்சுவார்.

இப்படி ஜாம் ஜாம் என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு வீடு வந்து குறுக்கே நின்றது.

தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசை அறைகளாக இருந்த லயத்துக்குப் பதிலாகத் தனி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பெயர் விழுந்தவர்களில் ராக்காயியும் ஒருத்தி. லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் பிறந்து, இன்னொரு லயத்தின் தொங்கல் காம்பராவுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். மழை பெய்தால் எந்தத் தகரத்துக்குக் கீழே எந்தச் சட்டியை வைப்பது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் இங்கே சுக்குத் தட்டுவாள். அவளுக்குத் தனிச் சமையலறை, அதற்குள்ளே குழாய், பின்னால் ஒரு துண்டு நிலம். சாவியைக் கையில் வாங்கிய ஆனி மாதத்திலிருந்து அதை அவள் தாலிக்கொடியோடு சேர்த்துத்தான் கட்டியிருந்தாள்.

வீடுகள் கட்டிய இடம் தோட்டத்துப் பழைய விளையாட்டு மைதானம். ஏற்கெனவே மட்டமான இடத்தை மெஷின் வைத்து இன்னும் மட்டமாக்கி, நூல் பிடித்தாற்போல வைத்திருந்தார்கள். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற பாதையோ மேட்டைப் பார்த்து ஏறியது. எல்லோரும் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். செல்லசாமி தரையைப் பார்த்தார். உருள ஒரு சாண் சரிவுகூட இல்லை.

டிரக்டரை லயத்துச் சரிவிலேயே விட்டுவிட்டு வரலாமே என்றால், ஆட்கள் போனபின் அங்கே காவலுக்கு யார்? விடிந்து போய்ப் பார்த்தால் டீசல் மூடி மட்டும்தான் மிஞ்சும். டிரக்டர் மட்டத்தில் நின்றால் அடுத்த நாள் எழும்பாது என்று மனைவியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அத்தனை வருடம் விட்ட வீராப்பு வாயைக் கட்டிப்போட்டது. அதனால் அவர் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஆடியில் வீடு மாறக் கூடாது என்றார், சரி. புரட்டாசி ஆகாது என்றார். மார்கழியில் யாராவது பால் காய்ச்சுவார்களா என்று கேட்டார். நடுவில் நல்ல மாதம் வந்தபோதெல்லாம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லோரும் குடிபோய், முற்றத்தில் கறிவேப்பிலையும் நட்டுவிட்டார்கள். லயத்தில் இவர்கள் காம்பராவில் மட்டும்தான் புகை வந்தது.

"இந்த லயத்து மேல அப்படி என்னங்க ஆச உங்களுக்கு?" என்று ஒருநாள் ராக்காயி கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள். அது அவரைச் சுட்டது.

தை பிறந்துவிட்டது. தை மாதத்தைக் குறை சொல்ல எந்தப் பஞ்சாங்கத்திலும் இடமில்லை. செல்லசாமி மறுநாளே ராகலைக்கு இறங்கி, ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிற ஷிஹாபின் முன்னால் போய் நின்றார். கடை ஒரு சரிவான சந்தில் இருந்தது. இல்லாவிட்டால் அவர் அங்கே போயிருக்கவே மாட்டார்.

ஷிஹாப் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கலர் லைட் போடுவதில் பேர் எடுத்தவர். அண்ணன் என்ற உரிமையில் ஊரே அவரை நானா என்று கூப்பிடும். அவர் கை பட்ட பஸ் இருட்டில் வந்தால், தேர் வருகிறதென்று நினைத்து வழி விடுவார்கள்.

"நானா, ஒரு சின்ன வேல. வெளில தெரியக்கூடாது."

"என்ன அண்ணே, களவுச் சாமானா?"

"என் டிரக்டருக்குச் சார்ஜ் வேணும். பெட்டரி வச்சு, ஸ்டார்ட்டர்ல எழும்பணும்."

ஷிஹாப் கையில் இருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாவி திருகுறவன்லாம் டிரைவரான்டு இதே எடத்துல நின்டு கேட்டது நீங்கதானே?"

"அது வேற செல்லசாமி" என்றார் செல்லசாமி.

பிறகு உள்ளதைச் சொன்னார். வீடு, மட்டம், ஆடி, புரட்டாசி எல்லாம். இதுவரை ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னதும் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போலிருந்தது. ஷிஹாப் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அக்காட்ட நேராச் சொல்லியிருந்தா முடிஞ்சிச்சே அண்ணே?"

"இத்தன மாசமா நாளு சரியில்லன்னு சொல்லிட்டு, இப்ப டிரக்டர் சரியில்லன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?"

ஷிஹாப் குறட்டைத் திரும்பவும் கையில் எடுத்தார். வேலையில் இறங்கினார். பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய டிரக்டரின் டைனமோ இத்தனை காலமும் விசிறிப் பட்டியோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுக் கார்களில் வருகிற அல்டனேட்டரை மாட்டினால் சுலபம் என்றார் ஷிஹாப். செல்லசாமி சம்மதிக்கவில்லை. கூட இருந்தே கிழடானதைக் கழற்றி வீச அவருக்கு மனசு வரவில்லை. உண்மையில் ஷிஹாபுக்கும் டைனமோவைத் தொட்டுப் பார்க்க உள்ளூர ஆசைதான். கேள்விப்பட்டிருந்தாரே தவிர, தன் கையால் ஒன்றுக்கும் வயர் போட்டதில்லை.

டைனமோவின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, ஒரு பல்பை வைத்து, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னார். பல்பு மினுக்கென்று எரிந்தது. "உசிரு ஈக்குது அண்ணே!" என்று அவர் கத்தியதில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். செல்லசாமி அவரைப் பார்த்து, சும்மா டயர் பார்க்க வந்தேன் என்று சொல்லி வைத்தார்.

அதற்கப்புறம் லீக்ஸ் இறக்க வருகிற நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடந்தது. எலி தின்றது போக மிச்சமிருந்த பழைய வயரை உருவி எறிந்தார்கள். டைனமோவிலிருந்து தடித்த வயர் ஒன்றும் மெல்லிய வயர் ஒன்றும் கட்-அவுட் என்கிற சின்னக் கறுப்புப் பெட்டிக்குப் போயின. டைனமோ போதுமான கரண்ட் கொடுக்கும்போது கதவைத் திறந்துவிட்டு, எஞ்சின் நின்றதும் மூடிவிடுகிற வாசல்காரன் அந்தப் பெட்டி. அங்கிருந்து முள் காட்டுகிற மீட்டருக்கு, மீட்டரிலிருந்து பெட்டரிக்கு. செல்லசாமி சாப்பாட்டு டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதற்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

கடைசியாக, பெட்டரியின் ஒரு முனையை டிரக்டரின் இரும்பு உடம்போடு பூட்ட வேண்டும். அதற்கான ஆணி டீசல் டேங்குக்குக் கீழே, இடுக்கில் இருந்தது. ஷிஹாபுக்குக் குச்சிக் கை, லேசாக உள்ளே போனது. டோர்ச் அடித்துப் பார்த்தவர் தயங்கினார். டிரக்டரே குங்கும மயம். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை செல்லசாமி அதன் நெற்றி, ஸ்டீரிங், சக்கரம், கியர் என்று ஒரு இடம் விடாமல் பொட்டு வைத்திருந்தார்.

"அண்ணே, இந்த ஆணியிலயும் பூசைப் பொட்டு ஈக்குது. சேண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்கட்டா? பாவமில்லியே?"

வெற்றிலை மென்றுகொண்டிருந்த செல்லசாமி பெருந்தன்மையாகக் கையசைத்தார். "தேய்ங்க நானா. சாமி கோவிச்சுக்காது."

தேய்த்தார். பளபளவென்று ஆனதும், எல்லா லொறிக்கும் செய்வதுபோல மைனஸ் வயரை அதில் பூட்டினார். செல்லசாமி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அழுத்தினார். கிர்ர் என்று சுற்றி எஞ்சின் பிடித்தது. தோட்டத்து டிரைவராக இருந்த காலத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அவர் இப்போதுதான் கேட்டார். வேகத்தைக் கூட்டினார்.

மீட்டரின் முள் பாய்ந்து போய்த் தப்பான பக்கத்துச் சுவரில் முட்டியது. கறுப்புப் பெட்டியில் நெருப்புப் பொறி பறந்து, புகை வந்தது. ஷிஹாப் "யா அல்லாஹ்" என்று பாய்ந்து, சுத்தியலால் தட்டிப் பெட்டரி வயரைக் கழற்றினார். சந்து முழுக்கக் கருகல் நாற்றம். எஞ்சின் மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லா வண்டிக்கும் போடுற மாதிரித்தான் அண்ணே போட்டேன்" என்றார் ஷிஹாப். முகம் செத்துப் போயிருந்தது. செல்லசாமி அவர் தோளைத் தட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த டிரக்டரை அப்படியே ஓட்டிக்கொண்டு வீடு வந்தார்.

வீட்டில் ராக்காயி அண்டா குண்டாவை எல்லாம் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். "வர்ற வெள்ளிக்கெழம பால் காய்ச்சப் போறேன். கோயில்ல நாளும் கேட்டாச்சு. நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "சாமான் ஏத்த டிரக்டர் வருமா, இல்ல தலையில தூக்கிட்டுப் போகவா?"

"வரும்" என்றார் செல்லசாமி. வேறு என்ன சொல்வது? கட்டிய மனைவி தலைச்சுமையோடு தனியாகக் குடிபோவதை நினைத்தபோது தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் வேறு வழி தெரியாமல் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு டிரக்டரிடம் போனார். ஆயுத பூசை இல்லாத நாளில் பொட்டு வைத்தால் வேண்டாம் என்றா சொல்லும்? நெற்றியில் வைத்தார், ஸ்டீரிங்கில் வைத்தார். சனியன் பிடித்த அந்த ஆணிக்கும் ஒன்று வைத்துவிடலாம் என்று டேங்குக்குக் கீழே கையை விட்டார். கை முழங்கையோடு நின்றுவிட்டது. அவருடையது உலக்கைக் கை. முக்கினார், முனகினார், வலக்கையை மாற்றி இடக்கையை விட்டார். எட்டவில்லை.

எட்டாத கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தன் கை எட்டாத இடத்தில் எப்படித் தன் பொட்டு வந்தது? அதுவும், விரலால் துடைத்தால் போகிற குங்குமத்துக்கு எதற்காகச் சேண்ட் பேப்பர்?

கல்லை உருவிக்கொண்டு, டிரக்டரை உருட்டிவிட்டு, ராகலைக்கு ஒரே ஓட்டமாக வந்து ஷிஹாபின் கடை முன்னால் நிறுத்தினார். "நானா! அது நான் வச்ச பொட்டு இல்ல!"

ஷிஹாப் மறுபடியும் உள்ளே கையை விட்டு, நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஆணியின் மரைக்குள் இன்னும் மிச்சமிருந்தது. குங்குமம் அல்ல, பழைய சிவப்புப் பெயிண்ட். தோட்டத்தின் பழைய மெக்கானிக் எவரோ அடையாளத்துக்கு அடித்து வைத்தது.

"செகப்புன்டா பிளஸ்ஸு" என்றார் ஷிஹாப் மெதுவாக. பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, எல்லா வண்டிக்கும் மைனஸ்தான் பாடியில. இந்தக் கெழவனுக்கு மட்டும் பிளஸ் பாடியில! நாங்க பெட்டரியத் தலகீழாக் குடுத்திருக்கோம். டைனமோ ஒரு பக்கம் இழுக்க, பெட்டரி மத்தப் பக்கம் இழுக்க, நடுவுல நின்டவன் கருகிட்டான். பல்பு என்னத்தச் சொல்லும்? அது எப்படிக் குடுத்தாலும் எரியும். நாந்தான் மீட்டர் வச்சுப் பார்த்திருக்கணும்."

கருகிய பெட்டிக்குப் பதில் இன்னொன்றை வலப்பனையில் ஒரு பழைய லொறியிலிருந்து தேடிப் பிடித்தார் ஷிஹாப். பெட்டரியைத் திருப்பி வைத்து, பிளஸ்ஸை அந்த ஆணியில் பூட்டினார். ஓட்டுவதற்கு முன் பெட்டரியிலிருந்து ஒரு வயரை எடுத்து டைனமோவின் சின்ன முனையில் கண் இமைக்கிற நேரம் தொட்டு எடுத்தார். ஒரு பொறி தெறித்தது. "டைனமோவுக்கு எந்தப் பக்கம் கரண்ட் குடுக்கணும்டு ஞாபகப்படுத்தியாச்சு. இனி மறக்காது" என்றார். எஞ்சின் ஓடியது. முள் மெல்ல எழுந்து, சரியான பக்கமாகச் சாய்ந்து, அங்கேயே நின்றது. இருவரும் அதைப் பிறந்த பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை டிரெய்லரில் கட்டில், டிரங்குப் பெட்டி, அம்மி, சாமி படங்கள், கூடையில் நாலு கோழி எல்லாம் ஏறின. ராக்காயி பால் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் செல்லசாமி கல்லையும் ஏற்றினார். பெட்டரி விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. முதல் தடவை புகைந்தது அவர் நெஞ்சிலிருந்து இன்னும் போகவில்லை.

மைதானத்துக்கு வந்து புது வீட்டு வாசலில் நிறுத்தியபோது, பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தியும் இன்னும் சில ஆண்களும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சாமான் இறக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். எஞ்சினை நிறுத்தாமல் இறங்கப் போனார்.

"நிப்பாட்டுங்க" என்றாள் ராக்காயி.

"ஓடட்டுமே, எதுக்கு..."

"நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல."

நிறுத்தினார். ஏலத்தில் எடுத்தபிறகு மட்டத் தரையில் அந்த டிரக்டர் எஞ்சின் அணைந்து நிற்பது அதுதான் முதல் தடவை. செல்லசாமி கீழே இறங்கினார்.

கணேசமூர்த்தி முன்னால் வந்தார். "அண்ணே, ஒண்ணும் யோசிக்காதீங்க. அக்கா எங்ககிட்டப் பேசிருச்சு. தெனம் காலைல பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போறதுக்கு முந்தி நாங்களே தள்ளி விட்டுர்றோம். ஆளுக்கு முறை போட்டாச்சு."

செல்லசாமி திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"கட்டிக்கிட்ட நாள்லருந்து பள்ளம் தேடுற ஆளு. சாவி வாங்குன அன்னைக்கு இந்தத் தரையப் பார்த்து உங்க மூஞ்சி போன போக்க நான் பார்க்கலையா?" என்றாள் ராக்காயி. "நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ஆடியும் மார்கழியுந்தான் வந்துச்சு. சரி, நம்ம ஆளு நாலு பேருக்கு முன்னாடி தலகுனிய வேணாம்னு நானே ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு மேலே சந்தோஷமாகவும் இருந்தது, கண் கலங்குகிற அளவுக்கு. தன் பெருமையைக் காப்பாற்ற அவர் ஆறேழு மாதம் பொய் சொன்னார். அதே பெருமையைக் காப்பாற்ற அவள் வீடு வீடாகக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மறுபடியும் டிரக்டரில் ஏறி உட்கார்ந்தார். கணேசமூர்த்தியும் மற்றவர்களும் பின்னால் போய்க் கையை வைத்தார்கள்.

"தள்ள வேணாம். தள்ளி நில்லுங்க."

சாவியைத் திருகி ஸ்டார்ட்டரை அழுத்தினார். கிர்ர் என்று ஒரே சுற்று, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூடைக்குள் கோழிகள் அலறின. ஆண்கள் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். "சாவி திருகுறவன்லாம்..." என்று கணேசமூர்த்தி ஆரம்பித்தார், சிரிப்பில் முடிக்க முடியவில்லை. டிரெய்லரில் ராக்காயி பால் சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்காகவா செஞ்சீங்க?"

"இல்ல, கல்லு தேஞ்சு போச்சு" என்றார் செல்லசாமி.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினார்.

"இன்னொருக்கா."

இன்னொருமுறையும் எழும்பியது. போதும் என்று அவள் சொன்னபிறகுதான் அவர் கீழே இறங்கினார். இறங்கியவர், யோசிக்காமலே, டிரெய்லரிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு போய், நூல் பிடித்தாற்போல் மட்டமான அந்தத் தரையில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். கூட்டம் மறுபடியும் சிரித்தது.

ராக்காயி பால் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கல்லை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய், தன் குழாயடியில் அதைப் போட்டு, காலால் அசைத்துச் சரிபார்த்தாள்.

"துணி தொவைக்க எனக்கு ஒரு கல்லு வேணும்னு இருந்தேன்" என்றாள். பிறகு வந்து அவர் கையிலிருந்த பாலை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார்.